கையால் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை: துணியை நனைப்பதிலிருந்து ஓரம் மடிப்பது வரை

அடைமழை, நீண்ட விடுப்பு, உடம்பு தேறிவரும் காலம் என்று வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் நாட்களுக்கு ஏற்ற வேலை இது. தையல் மெஷின் வேண்டாம். சத்தம் இல்லை. எந்த இடத்திலும் நிறுத்திவிட்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களைக் கவனித்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஊசி பிடிப்பது எல்லோருக்கும் சீக்கிரமே வந்துவிடுகிறது. எதற்குப் பின் எது என்ற வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். துவைக்காத துணியை வெட்டிவிடுவது, அடுக்குகளைப் பிணைக்காமல் மேலே தைக்கத் தொடங்குவது போன்ற அவசரங்கள்தான் பாதியில் மூட்டை கட்டி வைத்த போர்வைகளுக்குக் காரணம். அதனால் இந்த வழிகாட்டி வரிசையை ஒட்டியே போகிறது.

நாம் செய்யப்போவது மடியில் போர்த்திக்கொள்ளும் அளவுக்கு ஒரு சின்னப் போர்வை. குறுக்கே 6, நெடுக்கே 7 என 42 சதுரத் துணிக் கட்டங்கள். தைத்து முடித்தபின் ஒவ்வொரு கட்டமும் நாலரை இஞ்ச் இருக்கும். ஓரத்துக் கட்டங்களில் மட்டும் கொஞ்சம் விளிம்பு மடிப்புக்குள் போகும். மொத்தம் ஏறத்தாழ 27 இஞ்ச் அகலம், முப்பத்தொன்றரை இஞ்ச் நீளம். முதல் முயற்சிக்கு இதைவிடப் பெரிதாகப் போக வேண்டாம். கட்டில் அளவுப் போர்வையில் கை பழகுவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும்.

1. எந்த வேலைக்கு எந்தப் பொழுது

ஒட்டுத்துணிப் போர்வையில் மூன்று விதமான வேலைகள் இருக்கின்றன. அளப்பதும் வெட்டுவதும் ஒன்று. கட்டங்களை ஒன்றோடொன்று தைப்பது இரண்டாவது. கட்டத்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்து மேலே தைப்பது மூன்றாவது. கடைசி வேலைக்குத்தான் மேல்தையல், அதாவது குவில்ட்டிங் என்று பெயர்.

வெட்டும் வேலையைப் பகல் வெளிச்சத்தில், மனம் தெளிவாக இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். தவறாகத் தைத்ததைப் பிரித்துவிடலாம். தவறாக வெட்டியதை ஒன்றும் செய்ய முடியாது. இருட்டியபின், பேச்சு நடுவில், அரைத்தூக்கத்தில் கத்தரிக்கோலை எடுக்கவே வேண்டாம்.

கட்டங்களைத் தைப்பது மாலைநேர வேலை. பாட்டுக் கேட்டுக்கொண்டே, வீட்டாரோடு பேசிக்கொண்டே செய்யலாம். ஒரு இணைப்பு நாலரை இஞ்ச்தான் என்பதால் எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளலாம்.

மேல்தையல் தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டியது. கை ஒரு தாளத்துக்கு வந்தபின் அது தானாக ஓடும். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். அந்தப் பொழுதுக்காக, அதற்கு முந்தைய படிகளை ஒழுங்காக முடித்து வைப்பது மதிப்புள்ள உழைப்பு.

உட்காரும் இடத்தையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி வேண்டும். வலக்கையால் தைப்பவர் என்றால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழல் ஊசி மேலேயே விழும். இடக்கைக்காரர்களுக்கு இது நேர்மாறு. தேநீர்க் கோப்பை வேறொரு மேசையில் இருக்கட்டும்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

மேல்பக்கத்துக்கு வெளிர் நிறத்தில் அரை மீட்டர், அடர் நிறத்தில் அரை மீட்டர் பருத்தித் துணி வேண்டும். இது 44 இஞ்ச் அகலத் துணிக்கான கணக்கு. ஒவ்வொன்றிலும் 21 கட்டங்கள் வரும். கொஞ்சம் மீதமும் இருக்கும். அடிப்பக்கத்துக்கு அதே அகலத்தில் ஒரு மீட்டர்.

பழைய சட்டை, பாவாடையிலிருந்தும் வெட்டலாம். சட்டையில் முதுகுப் பகுதிதான் நல்ல துணி. முழங்கையும் கழுத்தும் தேய்ந்திருக்கும். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விலகி வெளிச்சம் கசிந்தால் அதை விட்டுவிடுங்கள். நைந்த துணியைப் புதுத் துணிக்குப் பக்கத்தில் தைத்தால், புதியது இழுக்க இழுக்க நைந்தது கிழியும். பனியன் துணி, வழுவழுப்பான சாட்டின் இரண்டும் முதல் போர்வைக்கு வேண்டாம். ஒன்று இழுபடும், மற்றொன்று வழுக்கும்.

நடுவில் வைக்க விரிப்பாகக் கிடைக்கும் பஞ்சு வேண்டும். கடையில் பேட்டிங் அல்லது வாடிங் என்று கேட்டால் தருவார்கள். மெல்லியதாக வாங்குங்கள். தடித்த பஞ்சில் கைத்தையல் போடுவது விரலுக்கு வேதனை. பஞ்சு விரிப்பு கிடைக்காவிட்டால் பழைய மெல்லிய கம்பளியோ ஃபிளானல் துணியோ போதும்.

ஊசியில் இரண்டு வகை தேவை. கட்டங்களைத் தைக்க, சாதாரண மெல்லிய தையல் ஊசி. மேல்தையலுக்கு ‘பிட்வீன்’ என்ற குட்டை ஊசி. எண் கூடக்கூட ஊசி சிறியதாகும். புதியவர்களுக்கு 8 அல்லது 9 வசதி. 12 மிகச் சிறியது, கையில் நிற்காது.

இவை தவிர பருத்தி நூல், குண்டூசி, துணிக்கு மட்டும் என்று ஒதுக்கிய கத்தரிக்கோல், டெய்லர் சாக், பென்சில், அளவுகோல், கெட்டி அட்டை, மாஸ்கிங் டேப், இஸ்திரிப் பெட்டி, ஊசியைத் தள்ள நடுவிரலில் மாட்டிக்கொள்ளும் விரலுறையான திம்பிள். அந்தக் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். காகிதம் வெட்டினால் அதன் கூர் சீக்கிரம் மழுங்கிவிடும்.

3. முதலில் துவைத்து விடுங்கள்

பருத்தி முதல் சலவையில் சுருங்கும். எல்லாத் துணியும் ஒரே அளவு சுருங்காது. துவைக்காமல் தைத்தால், போர்வை முடிந்தபின் போடும் முதல் சலவையில் ஒரு கட்டம் இழுத்துக்கொள்ளும், பக்கத்துக் கட்டம் உப்பி நிற்கும்.

சாயமும் இப்போதே தெரிந்துவிடும். சிவப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களைத் தனியாக நனையுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் நிறம் ஒட்டுகிறதா என்று தெரியும். ஒட்டினால் மறுபடி அலசுங்கள். மூன்று நான்கு முறை அலசியும் விடவில்லை என்றால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு ஆகாது.

லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். சுருக்கம் எளிதில் போகும். பிறகு இரண்டு பக்கக் கரையையும் வெட்டி எடுத்துவிடுங்கள். கரையில் நெசவு நெருக்கம் அதிகம். அதைக் கட்டத்துக்குள் சேர்த்தால் ஊசி இறங்காது, தையலும் சுருக்கி இழுக்கும்.

4. தைக்கும் கோட்டை வரையுங்கள், பிறகு வெட்டுங்கள்

மெஷினில் தைப்பவர்கள் ஐந்து இஞ்ச் சதுரமாக வெட்டி, விளிம்பிலிருந்து கால் இஞ்ச் விட்டுத் தைப்பார்கள். கைத்தையலுக்கு அந்த வழி சரிவராது. கண்ணால் கால் இஞ்சை ஒரே சீராகப் பிடித்துப்போவது பழகிய கைக்கே கஷ்டம்.

அதனால் அட்டையை நாலரை இஞ்ச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். துணியின் உள்பக்கத்தில் அட்டையை வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள். அதுதான் தைக்கும் கோடு. அந்தக் கோட்டிலிருந்து நான்கு பக்கமும் கால் இஞ்ச் தள்ளி வெட்டுங்கள். வெட்டு கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் பரவாயில்லை. தையல் ஓடுவது பென்சில் கோட்டின் மேல்தான். அடர் துணியில் பென்சில் தெரியாது, அதற்கு வெள்ளைச் சாக்.

ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நூல் அளவு, அதாவது அரைக்கால் இஞ்ச் பிசகினால், ஆறு கட்டம் கொண்ட வரிசையின் ஐந்து இணைப்பில் அது அரை இஞ்சைத் தாண்டிவிடும். அடுத்த வரிசையோடு அது பொருந்தவே பொருந்தாது. இந்த ஒரு இடத்தில் கறாராக இருந்தால் பின்னால் எத்தனையோ மணி நேரம் மிச்சம்.

அட்டையின் பக்கங்கள் துணியின் இழைக்கு இணையாக இருக்க வேண்டும். கிராஸாக வெட்டிய கட்டம் இழுபட்டு வடிவம் மாறிவிடும். பத்துப் பதினைந்து கட்டம் வரைந்தபின் அட்டையின் முனை மழுங்கும். புது அட்டைக்கு மாறுங்கள். பழைய கட்டத்தை அளவாக வைத்துப் புதுக் கட்டம் வெட்டுவது பலரும் செய்யும் தவறு. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு மயிரிழை பெரிதாகிக்கொண்டே போகும்.

5. பரப்பிப் பாருங்கள்

42 கட்டங்களையும் தரையிலோ கட்டிலிலோ சதுரங்கப் பலகை மாதிரி, வெளிர் ஒன்று அடர் ஒன்று என மாற்றி மாற்றி அடுக்குங்கள். பல துணிகள் கலந்திருந்தால், கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். நிறம் மறைந்து, எது வெளிர் எது அடர் என்பது மட்டும் தெரியும். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தாலும், படத்தில் ஒரே சாம்பலாக வந்தால் போர்வையில் தூரத்திலிருந்து ஒட்டிக்கொண்டுவிடும்.

அன்றே தைக்கத் தொடங்க வேண்டாம். ஒரு இரவு அப்படியே கிடக்கட்டும். காலையில் பார்க்கும்போது எது உறுத்துகிறதோ அதை மாற்றுங்கள்.

திருப்தியானதும் ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக அடுக்கி, மேலே எண் எழுதிய தாளைக் குண்டூசியால் குத்தி வைத்துவிடுங்கள். எண் இல்லாத அடுக்கு கலைந்தால் மறுபடி முதலிலிருந்து அடுக்க வேண்டியிருக்கும்.

6. கட்டங்களை வரிசையாகத் தைப்பது

நூலை 18 இஞ்சுக்கு மேல் எடுக்காதீர்கள். நீள நூல் வைத்தால் அடிக்கடி கோர்க்க வேண்டாம் என்று தோன்றும். உண்மையில் அது முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும், துணிக்குள் போய்வந்து தேயும். உருளையிலிருந்து முதலில் வரும் முனையை ஊசியில் கோர்த்து, வெட்டிய முனையில் முடிச்சுப் போடுங்கள். முறுக்கு விழுவது குறையும்.

இரண்டு கட்டங்களின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். ஒரு குண்டூசியை மேல்துணியின் பென்சில் மூலையில் குத்தி, அது கீழ்த்துணியின் பென்சில் மூலையில் வெளிவருகிறதா என்று பாருங்கள். மறுமுனையிலும் அப்படியே. நடுவில் ஒன்று. இந்த மூன்று குண்டூசி சரியாக இருந்தால் இணைப்பு தப்பாது.

கோட்டின் மேல், ஊசியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கி முன்னே போகும் சாதாரண ஓட்டுத் தையல் போடுங்கள். தொடங்கும்போது ஒரு பின் தையல் (ஒரு தையல் பின்னால் போய் மறுபடி குத்தி முன்னே வருவது), ஒவ்வொரு இஞ்சுக்கும் ஒன்று, முடியும்போது இரண்டு. பின் தையல் இல்லாத ஓட்டுத் தையலில் ஒரு இடத்தில் நூல் அறுந்தால் முழு இணைப்பும் உருவிக்கொள்ளும். இஞ்சுக்கு எட்டுத் தையல் இருந்தால் பிடிமானம் நன்றாக இருக்கும். நாலைந்து தையலுக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்து, பின்பக்கமும் கோட்டின் மேல் போகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

நூலை இறுக்கி இழுக்க வேண்டாம். ஒவ்வொரு இணைப்பும் முடிந்ததும் விரலால் நீவி விடுங்கள். சுருக்கம் விழுந்திருந்தால் அப்போதே தெரியும்.

வரிசை முடிந்தபின், இணைப்புகளின் மீதித் துணியை அடர் நிறக் கட்டத்தின் பக்கம் மடித்து இஸ்திரி போடுங்கள். வெளிர் பக்கம் மடித்தால் மேலே நிழலாகத் தெரியும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் எடுத்து எடுத்து வையுங்கள். இழுத்தால் வரிசை வில்லாக வளையும்.

7. வரிசைகளைச் சேர்ப்பது

அடர் பக்கம் மடித்ததன் பலன் இங்கே தெரியும். கட்டங்கள் மாறி மாறி வருவதால், முதல் வரிசையில் இடப்பக்கம் மடிந்த இணைப்புக்கு நேர் கீழே, இரண்டாவது வரிசையில் வலப்பக்கம் மடிந்த இணைப்பு வரும். இரண்டையும் சேர்த்து விரலால் தள்ளினால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். மூலைகள் நேராக அமைய வேறு வித்தை தேவையில்லை.

முதலில் ஐந்து சந்திப்பிலும் குண்டூசி குத்துங்கள், பிறகு இடைவெளிகளில். ஒரு ஓரத்திலிருந்து தொடங்கிக் குத்திக்கொண்டே போனால் மறு ஓரத்தில் துணி மிஞ்சி நிற்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு பின் தையல் போடுங்கள்.

ஏழு வரிசையும் சேர்ந்தபின் முழுவதையும் ஒருமுறை இஸ்திரி போடுங்கள். இனி இஸ்திரிப் பெட்டிக்கு வேலை இல்லை. பஞ்சு வைத்தபின் சூடு பட்டால் பஞ்சு அமுங்கும். பாலியஸ்டர் பஞ்சு உருகவும் கூடும். மேலே நிழலாகத் தெரியக்கூடிய நூல் முனைகளையும் இப்போதே வெட்டுங்கள். வெளிர் கட்டத்துக்கு அடியில் கிடக்கும் கறுப்பு நூலைப் பின்னால் எடுக்க வழியே இல்லை.

8. மூன்று அடுக்கையும் பிணைப்பது

எல்லோரும் தாண்டிப்போக விரும்பும் படி இது. தாண்டினால் அடித்துணி சுருங்கி, மடிப்போடு மடிப்பாகத் தைபட்டுப்போகும். தைக்கும்போது அது கண்ணில் படாது. போர்வையைத் திருப்பும்போதுதான் தெரியும். அப்போது பிரிப்பதைத் தவிர வழியில்லை.

அடித்துணியையும் பஞ்சையும் 32 இஞ்சுக்கு 36 இஞ்ச் வெட்டுங்கள். மேல்பக்கத்தைவிட ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு இஞ்ச் கூடுதலாக இருக்கும். மேல்தையல் போடப்போட அடுக்குகள் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓரம் மடிப்பதும் இந்த மீதத்தில்தான். மடித்து வைத்திருந்த பஞ்சை முந்தைய நாளே விரித்துப் போட்டுவிட்டால் மடிப்புத் தடம் தளர்ந்துவிடும்.

பெரிய மேசையிலோ வழுவழுப்பான தரையிலோ அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரியுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிறகு மூலைகளுக்குப் போங்கள். துணி சமமாக இருந்தால் போதும், முறுக்கேற இழுக்க வேண்டாம். இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கி மேல்பக்கத்தைக் கசக்கிவிடும்.

மேலே பஞ்சை விரித்து, நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் நீவுங்கள். அதன்மேல் கட்டத்துணி, நல்ல பக்கம் மேலே. மறுபடி நடுவிலிருந்து நீவுங்கள்.

இப்போது மூன்று அடுக்கும் சேர்ந்து பிடிக்கும்படி தற்காலிகத் தையல். பளிச்சென்று தெரியும் நிறத்தில் நூல், நீள நீளத் தையல். நடுவிலிருந்து நான்கு பக்கமும் போய், பிறகு நான்கு இஞ்ச் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் ஓட்டுங்கள். ஊக்குகளையும் பயன்படுத்தலாம், உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஒரு ஊக்கு தட்டுப்பட வேண்டும். கைத்தையலுக்கு நான் நூலையே சொல்வேன், ஊக்கில் தையல் நூல் மாட்டிக்கொண்டே இருக்கும்.

9. மேல்தையல்

எளிய வடிவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு கட்டத்தையும் மூலைக்கு மூலை கடக்கும் சாய்கோடுகள், ஒரே திசையில். மொத்தம் 12 கோடுகள், இடைவெளி மூன்று இஞ்சுக்குச் சற்று மேல். பஞ்சு நகராமல் நிற்க இது போதும். பஞ்சு உறையில் அதிகபட்ச இடைவெளி அச்சிட்டிருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடு வரையவே வேண்டாம். மூலையிலிருந்து மூலைக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் ஓரத்தை ஒட்டித் தையுங்கள். அன்றைய வேலை முடிந்ததும் டேப்பை எடுத்துவிடுங்கள். நாள்கணக்கில் விட்டால் பசை துணியில் தங்கும். சூட்டில் மறையும் பேனாக்களை நம்ப வேண்டாம். மறைந்த கோடு குளிரில் மறுபடி தெரியவரும்.

துணியைப் பிடித்து வைக்கும் 14 இஞ்ச் வட்டச் சட்டம் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், ஆனால் தளர்வாக. அடியிலிருந்து விரலால் தள்ளினால் துணி சின்ன மேடாக எழும்ப வேண்டும். முரசுபோல் இறுக்கினால் ஊசியைச் சாய்க்கவே முடியாது. எழுந்துகொள்ளும்போது சட்டத்தைக் கழற்றிவிடுங்கள்.

நடுக்கோட்டின் நடுவிலிருந்து தொடங்குங்கள். ஓரத்திலிருந்து வந்தால் மிஞ்சும் துணியெல்லாம் நடுவில் வந்து குவியும். நடுவிலிருந்து போனால் அது ஓரம் வழியே வெளியேறிவிடும்.

முடிச்சை மறைப்பது இப்படி: தொடங்கும் இடத்திலிருந்து ஒரு இஞ்ச் தள்ளி மேல்துணியில் ஊசியை இறக்கி, பஞ்சுக்குள்ளேயே ஓட்டி, தொடங்கும் புள்ளியில் வெளியே எடுங்கள். நூலை லேசாகச் சுண்டினால் முடிச்சு மேல்துணியைத் தாண்டிப் பஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். முடிக்கும்போது துணியை ஒட்டி ஒரு முடிச்சு, அதையும் அதேபோல் உள்ளே இழுத்து, ஒரு இஞ்ச் தள்ளி ஊசியை எடுத்து நூலை வெட்டுங்கள்.

தைக்கும் முறை ஆட்டுத் தையல். திம்பிள் மாட்டிய விரலால் ஊசியை நேர்க்குத்தாக இறக்குங்கள். அடியில் இருக்கும் கைவிரலில் முனை உரசியதும் ஊசியைப் படுக்க வைத்து, கீழ்விரலால் துணியை மேலே தள்ளி முனையை வெளியே எடுங்கள். இப்படி மூன்று நான்கு தையல் ஊசியில் ஏறியபின் இழுங்கள். முதல் நாள் ஒவ்வொன்றாகத்தான் வரும். வரட்டும்.

மேலே தெரியும் தையல் இஞ்சுக்கு ஐந்து இருந்தாலே நல்ல தொடக்கம். சிறியதாகப் போட முயலாமல் ஒரே அளவாகப் போடப் பாருங்கள். சீரான பெரிய தையல் அழகாக இருக்கும், சீரற்ற சின்னத் தையல் கோணலாகத் தெரியும். கட்டங்களின் மூலைகளில் துணி பல மடிப்பாகத் தடித்திருக்கும். அங்கே மட்டும் ஊசியை நேராகக் கீழே குத்தி எடுத்து, பிறகு நேராக மேலே குத்தி எடுங்கள். ஆட்டுத் தையலை அங்கே திணித்தால் ஊசி வளையும்.

கோட்டை ஓரத்திலிருந்து கால் இஞ்சில் நிறுத்துங்கள், முடிச்சு ஓர மடிப்புக்குள் மறையும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கழுத்தையும் கையையும் நீட்டி மடக்குங்கள். ஒரு நாளை முடிக்கும்போது கோட்டின் பாதியில், நூல் கோர்த்த ஊசியோடு நிறுத்தி வைத்தால் மறுநாள் தயக்கமில்லாமல் தொடங்கலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அப்படி வேண்டாம். ஊசிகளை எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.

10. ஓரம் மடிப்பது

தனி நாடா வைத்துக் கட்டிய ஓரம் நீண்ட நாள் உழைக்கும். ஆனாலும் முதல் போர்வைக்கு அடித்துணியையே மேலே மடித்துத் தைப்பது போதும். வெட்ட வேண்டியதும் இணைக்க வேண்டியதும் குறைவு.

பஞ்சைக் கட்டத்துணியின் ஓரத்தோடு ஓரமாக வெட்டுங்கள். வெட்டும்போது பஞ்சுக்கும் அடித்துணிக்கும் நடுவில் ஒரு அட்டையைச் செருகி நகர்த்திக்கொண்டே போங்கள். அடித்துணியில் கத்தரிக்கோல் பட்டால் இந்த முறையே கைவிட்டுப்போகும். பிறகு அடித்துணியைச் சுற்றிலும் ஒரு இஞ்ச் விட்டு வெட்டுங்கள்.

மூலைகளை முதலில் கவனியுங்கள். அடித்துணியின் முனையைச் சாய்வாக உள்ளே மடியுங்கள். மடிப்பு போர்வையின் மூலையைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். உள்ளே வந்த முனையில் பாதியை வெட்டிவிடுங்கள். அடுத்து, பக்கங்களை அரை இஞ்ச் மடித்து, அடித்துணியின் ஓரம் போர்வையின் ஓரத்தைத் தொடும்படி வையுங்கள். மறுபடி ஒரு மடிப்பு மேலே. மூலையில் இரண்டு பக்கமும் சாய்கோட்டில் வந்து சேரும். குண்டூசி குத்தி, மடிப்பின் ஓரத்தைக் கட்டத்துணியோடு பிடிக்கும் ஹெம்மிங் தையல் போடுங்கள். ஊசி பஞ்சு வரை இறங்கினால் போதும், பின்பக்கம் தெரிய வேண்டாம்.

தற்காலிகத் தையலை ஓரம் முடிந்தபின்தான் உருவ வேண்டும். அதுவரை அடுக்குகளை நேராகப் பிடித்து வைப்பது அதுதான்.

11. முதல் சலவையும் பிறகும்

குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு. முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். நிழலில் கிடத்திக் காய வையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் கனத்தில் தையல் இழுபடும். காய்ந்தபின் பஞ்சு கொஞ்சம் சுருங்கி, தையல்களுக்கு நடுவே துணி லேசாக உப்பி நிற்கும். குவில்ட்டின் இயல்பு அது, இஸ்திரி போட்டுக் கெடுக்க வேண்டாம்.

பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்காதீர்கள், ஈரம் அடைந்து பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து உதறி, முன்பு மடித்த இடத்தை விட்டு வேறு இடத்தில் மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியில்தான் இழை முதலில் நையும்.